மகிழ்ச்சிக்கு நாளொன்றுக்கு 100 டொலர்

நாங்கள் வேலை செய்கிற உணவகத்தின் மேல்மாடியில் ஒரு சிறிய மண்டபம் இருக்கிறது. கடந்த மாசியில் ஒரு புதன்கிழமை இரவு அதை ஒரு பயண நிறுவனம் வாடகைக்கு எடுத்திருந்தது. இருபத்திரண்டு பேர் வந்தார்கள். பூட்டான் நாட்டுக்குப் பன்னிரண்டு நாள் ‘ஆடம்பர சாகசப் பயணம்’ பற்றிய விளக்கக் கூட்டம். ஆடம்பரமும் சாகசமும் ஒரே பாயில் எப்படிப் படுக்கும் என்று குசினிக்குள் நின்று பகிடி விட்டோம்.

சாப்பாடும் அந்த நாட்டுச் சாப்பாடாக இருக்கவேண்டுமென்று கேட்டிருந்தார்கள். சிவப்பரிசிச் சோறு, மோமோ, மிளகாயும் பாற்கட்டியும் சேர்த்துக் காய்ச்சுகிற எமா தாட்சி. எமா தாட்சியில் மிளகாய் என்பது உறைப்புக்காகப் போடும் சாமான் அல்ல, அதுதான் மரக்கறி. ஆனால் ‘உறைப்பு வேண்டாம்’ என்று குறிப்பில் எழுதிக் கீழே இரண்டு கோடும் இழுத்திருந்தார்கள். உறைக்காத குடைமிளகாயை வெட்டிப்போட்டு அனுப்பினோம். மிக நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.

கோப்பை கழுவும் மெசினடியில் எங்களோடு நிற்பவன் பூட்டானில் பிறந்தவன். மேலே இருந்த ஒருவருக்கும் அது தெரியாது. அவன் எங்களை ‘தாய்’ என்று கூப்பிடுவான். அவனுடைய நேபாளி மொழியில் தாய் என்றால் அண்ணன். முதல் மாதம் எங்களுக்கு அது விளங்காமல் சிரித்துக்கொண்டு திரிந்தோம். நாலு வயதில் தகப்பனின் தோளில் ஏறி நாட்டைவிட்டு வந்தவன், பதினெட்டு வருடம் நேபாளத்தில் மூங்கில் குடிசையில் வளர்ந்தவன். மேலே தட்டுகளைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்று திரையைப் பார்த்தான். பிறகு கீழே வந்து மெசினைப் போட்டான்.

நாங்கள் எழுத வந்தது இந்தப் பயணத்தைப் பற்றித்தான். ஏனென்றால் இதை வாங்குகிறவர்கள் வெள்ளைக்காரர்கள் மாத்திரமல்ல. கனடாப் பாஸ்போட் கிடைத்து, வீட்டுக்கடன் ஓரளவு இறங்கி, பிள்ளைகளும் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்ட எங்கள் ஆட்களும் இப்போது இதற்குக் காசு கட்டுகிறார்கள். ஸ்காபரோவில் இரண்டு வீடு வைத்திருக்கிற எங்கள் ஊர் அண்ணை ஒருவர் ரெலிபோனில் சொன்னார்: “தம்பி, அங்க சனமே இல்லையாம். அவ்வளவு அமைதியாம்.”

சனமே இல்லையாம். அந்த வார்த்தையைத்தான் நாங்கள் பிடித்துக்கொண்டோம்.

முதலில் நியாயமாக இருப்போம். பூட்டான் வெளிநாட்டுப் பயணிகளுக்குத் திறந்தது 1974இல், நான்காவது அரசர் ஜிக்மே சிங்கே வாங்சுக் முடிசூடிய வருடம். தொடக்கம் தொட்டே குறைந்த ஆட்கள், கூடின காசு என்பதுதான் அவர்களின் கொள்கை. பல வருடங்களாக ஒரு பயணி நாளொன்றுக்குக் குறைந்தது 200 அல்லது 250 டொலருக்குப் பயணம் வாங்கவேண்டும் என்று விதி இருந்தது. கொரோனாவுக்குப் பிறகு 2022 செப்டெம்பரில் அதை மாற்றி, ஹொட்டேல், சாப்பாடு, வாகனம் எல்லாம் புறம்பாக, அரசாங்கத்துக்கு மட்டும் நாளொன்றுக்கு 200 அமெரிக்க டொலர் என்றார்கள். ஆட்கள் வரவில்லை. 2023 செப்டெம்பரில் அதைப் பாதியாக்கி 100 ஆக்கினார்கள். அந்தக் காசு இலவச மருத்துவத்துக்கும் படிப்புக்கும் காட்டுக்கும் போகிறது என்கிறார்கள். போகட்டும், நல்லது. எவெறெஸ்ட் அடிவாரத்துக் குப்பையைப் படத்தில் பார்த்தவர்கள் யாரும் இந்தக் கட்டணத்தைக் குறை சொல்லமாட்டார்கள். நாட்டில் அறுபது வீதமாவது காடாக இருக்கவேண்டுமென்று 2008ஆம் ஆண்டு அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். 7,570 மீற்றர் உயரமான காங்கர் புவென்சும் சிகரத்தை இதுவரை ஒருவரும் ஏறவில்லை. மலைகள் தெய்வங்களின் இடம் என்று 1994இல் 6,000 மீற்றருக்கு மேற்பட்ட சிகரங்களையும், 2003இல் சிகரம் ஏறுவது முழுவதையுமே தடைசெய்தார்கள். இதெல்லாம் எங்களுக்குப் பிடித்திருக்கிறது, மறைக்கவில்லை.

பயண ஒழுங்குத் தாளை வாசித்தபோது தொழில் ரீதியாகவும் ஒரு மரியாதை வந்தது. ஜொமொல்ஹாரி மலையடிவாரத்துக்குப் பல நாள் நடை. விடியக் கூடார வாசலில் தேநீர். பின்னாலே முகம் கழுவ ஒரு கிண்ணம் சுடுதண்ணீர். விருந்தாளிகள் காலைச் சாப்பாடு முடித்துக் கைத்தடியோடு வெளிக்கிட்ட பிறகு வேலையாட்கள் பாத்திரம் கழுவி, கூடாரங்களைப் பிரித்து, மலசலகூடக் குழியை மூடி, கட்டில், மேசை, கதிரை, அடுப்பு எல்லாவற்றையும் குதிரைகளில் ஏற்றி, அதே பாதையில் விருந்தாளிகளை முந்திக்கொண்டு போகவேண்டும். பின்னேரம் அவர்கள் களைத்து வந்து சேரும்போது அடுத்த முகாம் கட்டி முடிந்திருக்கவேண்டும், தேநீரும் பிஸ்கற்றும் தயாராக இருக்கவேண்டும். இன்னும் உயரத்தில் குதிரை போய் யாக் மாடு வரும். 4,000 மீற்றரில் தண்ணீர் 86, 87 பாகையிலேயே கொதித்துவிடும். பிரஷர் குக்கர் இல்லாவிட்டால் அங்கே பருப்பு அவியாது. அந்தக் குளிரில், அந்தக் காற்றில் இருபத்திரண்டு பேருக்கு மூன்று நேரம் சமைக்கிறவனை நாங்கள் எழுந்து நின்று வணங்குவோம். ஆனால் தாளில் சாகசக்காரர் என்று எழுதியிருப்பது சுடுதண்ணீர் வாங்கி முகம் கழுவுகிறவரைத்தான்.

எங்களில் ஒருவர் கொலம்பியாவிலிருந்து பனாமாவுக்குள் டாரியன் காட்டுமலை வழியாக ஏழு நாள் நடந்து வந்தவர். அதுவும் வழிகாட்டியோடு, முற்பணம் கட்டி வந்த பயணந்தான். ஒருவரும் அதைச் சாகசம் என்று எழுதித் தரவில்லை. அகதி விசாரணையில் ஏன் நேரே வரவில்லை என்றுதான் கேட்டார்கள். சரி, அதை விடுவோம்.

திரையில் மூன்றாவது படமாக வந்த வசனம்: உலகின் மிக மகிழ்ச்சியான நாடு. ‘மொத்தத் தேசிய உற்பத்தி’ அல்ல, ‘மொத்தத் தேசிய மகிழ்ச்சி’தான் முக்கியம் என்று 1970களில் அந்த நான்காவது அரசர் சொன்னார். ஒன்பது துறைகள், முப்பத்து மூன்று குறிகாட்டிகள் என்று அதை அளக்கவும் தொடங்கினார்கள். ஐக்கிய நாடுகள் சபையும் எடுத்துக்கொண்டது. பங்குனி 20ஆம் திகதி இப்போது உலக மகிழ்ச்சி தினம். இவ்வளவையும் பயண நிறுவனத்துப் பெண் அழகாகச் சொன்னார். அதே அரசரின் ஆட்சியில் நடந்த மற்றொரு கணக்கெடுப்பைப் பற்றி அவர் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம்.

பூட்டானின் தெற்கு அடிவாரத்தில் நேபாளி பேசும் சனம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து குடியேறியது. மலேரியாக் காட்டை வெட்டி நெல்லும் தோடையும் ஏலமும் வைத்தது. ‘தெற்கத்தியர்’ என்ற பொருளில் லோட்ஷாம்பா என்று பெயர். 1958இல் இவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தார்கள். 1985இல் புதுச் சட்டம் வந்தது. 1988இல் தெற்கில் மாத்திரம் குடிசன மதிப்பு எடுத்து, ஆட்களை எஃப்-1 முதல் எஃப்-7 வரை ஏழு தரமாகப் பிரித்தார்கள். எஃப்-1 உண்மையான பூட்டானியர், எஃப்-7 அந்நியர். முதல் தரத்துக்கு வர 1958ஆம் வருடத்து நிலவரிப் பற்றுச்சீட்டு வேண்டும். 1957க்கான துண்டைக் கொண்டுவந்தவரையும் 1959க்கான துண்டைக் கொண்டுவந்தவரையும் திருப்பி அனுப்பினார்கள். ஒரே குடும்பத்தில் புருஷன் ஒரு தரம், பெண்சாதி வேறு தரம். முப்பது வருடத்து வரித்துண்டை எந்தக் கமக்காரன் பெட்டிக்குள் வைத்திருப்பான்? எங்கள் நாட்டில் 1948இல் மலையகத்துச் சனத்திடம் தகப்பன் பாட்டன் பிறந்த அத்தாட்சியைக் கேட்டதும் இதே வகைக் கேள்விதான்.

1989இல் உடுப்பு. எல்லாரும் வடக்கத்தியரின் கோவும் கிராவும் உடுக்கவேண்டும், தவறினால் தண்டம். தெற்கின் புழுக்கத்தில் தடித்த நெசவுத் துணி. அதே வருடம் பள்ளிக்கூடங்களில் நேபாளி மொழி நிறுத்தப்பட்டது. 1990 செப்டெம்பரில் ஊர்வலங்கள். பிறகு ஆமி. தெற்கில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள், சிலவற்றில் ஆமி முகாம் போட்டது. கைது, அடி, சித்திரவதை. கடைசியில் ‘விருப்பத்தோடு வெளியேறுகிறேன்’ என்ற படிவம். கையெழுத்து வைத்தபின் படம் பிடிப்பார்கள். பல்லுத் தெரியச் சிரி என்று தனக்குச் சொல்லப்பட்டதாக ஒருவர் மனித உரிமை ஆய்வாளரிடம் சாட்சியம் சொல்லியிருக்கிறார்.

எங்கள் தோழனின் தகப்பனையும் அப்படித்தான் படம் பிடித்தார்களாம். தகப்பன் சிரித்தாரா என்று கேட்டோம். “துவக்கு நின்றால் நீங்கள் சிரிக்கமாட்டீர்களோ?” என்றான்.

இந்தியா அவர்களை நிற்கவிடவில்லை. லொறிகளில் ஏற்றி நேபாள எல்லையில் இறக்கியது. மாய் ஆற்றங்கரை மணலில் முதல் குடிசைகள், வயிற்றோட்டத்தில் குழந்தைகளின் சாவு. பிறகு ஜாப்பா, மொறாங் மாவட்டங்களில் ஏழு முகாம்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். நாட்டில் ஆறில் ஒருவர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களுடைய தோட்டங்களில் 1990களின் பிற்பாதியில் வேறிடங்களிலிருந்து கொண்டுவந்த குடும்பங்களைக் குடியேற்றினார்கள். நேபாளமும் பூட்டானும் பத்து வருடத்துக்கு மேலாக மேசையில் இருந்து கதைத்தன. அந்தக் கதையின் முடிவில் ஒரு குடும்பம்கூட முறையாகத் திருப்பி எடுக்கப்படவில்லை. கடைசியில் 2007இன் முடிவிலிருந்து அமெரிக்காவும் கனடாவும் அவுஸ்திரேலியாவும் வேறு ஐந்து நாடுகளும் அவர்களைப் பிரித்து எடுத்தன. ஒரு லட்சத்துப் பதின்மூவாயிரத்துக்கு மேல். ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கனடாவுக்கு வந்தார்கள். உலகம் இதை ஒரு வெற்றிக் கதையாக எழுதிவைத்திருக்கிறது. துரத்தியவனைக் கேள்வி கேட்காமல் துரத்தப்பட்டவனைப் பங்குபோட்ட வெற்றி அது.

முடிந்த கதை என்று சொல்பவர்களுக்கு: 2025 வசந்தத்தில் அமெரிக்கா இவர்களில் சிலரை பூட்டானுக்கே நாடுகடத்தியது. பூட்டான் அவர்களை விமான நிலையத்தில் எடுத்து, ஓரிரு நாளுக்குள் இந்திய எல்லையில் கொண்டுபோய் விட்டது. சிலர் தட்டுத்தடுமாறி, பிறந்து வளர்ந்த அதே நேபாள அகதிமுகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே நேபாளப் பொலிஸ் நாலு பேரைப் பிடித்தது. உலகத்தின் ஒரு மூலையும் தன்னுடையது என்று சொல்லாத மனிதர்கள்! பூட்டான் சிறைகளில் நீண்டகால அரசியல் கைதிகள் குறைந்தது 37 பேர் இருக்கிறார்கள் என்று 2023இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் பட்டியலிட்டது. அவர்களில் பெரும்பாலோர் இந்த லோட்ஷாம்பாக்கள். சிலர் 1990களின் தொடக்கத்திலிருந்து உள்ளே இருக்கிறார்கள்.

இனிப் பயணப் பாதையைப் பாருங்கள். பாரோவில் இறங்கி, திம்பு, புனாக்கா, பும்தாங், திரும்பவும் பாரோ. கடைசி நாள் செங்குத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கிற தாக்சாங் மடத்துக்கு ஏற்றம். ஏலாதவர்களுக்குப் பாதித் தூரம் குதிரை. அன்று பின்னேரம் கால் நோவுக்கு, நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய ஆற்றுக் கல்லைப் போட்டுச் சூடாக்கிய மரத்தொட்டிக் குளிப்பு. இரவொன்றுக்கு ஆயிரம் டொலருக்கு மேல் வாங்கும் விடுதிகளும் அங்கே உண்டு. பாதை முழுக்க மேற்கிலும் நடுவிலும் ஓடுகிறது, தெற்கே இறங்குவதில்லை. வழிகாட்டி எப்போதும் கூடவே இருப்பார். வழிகாட்டி என்பவர் எதைக் காட்டவேண்டும் என்று பழக்கப்பட்டவர். எதைக் காட்டக்கூடாது என்பதும் அந்தப் பழக்கத்துக்குள் அடக்கம். அவரை நாங்கள் குற்றம் சொல்லவில்லை. அவரும் எங்களைப்போல ரிப்ஸை நம்பி நிற்கிற ஒரு தொழிலாளி.

அண்ணையிடம் இவ்வளவும் சொன்னோம். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “வாழ்க்கை முழுக்க அகதி அகதி எண்டு அழுதுகொண்டிருக்கேலாது தம்பியவை. ஒரு மலையைப் பார்க்கப் போறதிலயும் அரசியலோ?”

அண்ணை, உங்களுடைய வீடு வலிகாமம் வடக்கில். 1990 ஆனியில் வெளிக்கிட்டு, இருபது வருடத்துக்கு மேலாக அந்த வேலிக்குள் நீங்கள் கால்வைக்கவில்லை. யுத்தம் முடிந்தபிறகு காங்கேசன்துறைக் கடற்கரையில் ஆமி ஒரு உல்லாச விடுதி நடத்தத் தொடங்கியது. தெற்கிலிருந்து வந்தவர்கள் அதிலிருந்து கடல் பார்த்தார்கள். வடிவான கடல், சனமே இல்லாத கடற்கரை, அவ்வளவு அமைதி. உறவினர் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் கடையில் வைத்துக் கத்தியது எங்களுக்கு இன்னும் காதில் இருக்கிறது. அந்த உல்லாசப் பயணிகளும் கடலைப் பார்க்கத்தானே போனார்கள்? அவர்களும் அரசியல் பேசப் போகவில்லையே!

அதே 1990இல் ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனத்தை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேற்றியது எங்கள் பெயரால் துவக்குத் தூக்கிய புலிகள் இயக்கம். அன்றைக்கு எங்கள் தகப்பன்மார் வாசலில் நின்று பார்த்தார்கள். சோனகதெருவின் வெறும் வீடுகளில் இருந்த கதவு நிலைகளும் ஓடுகளும் எங்கே போயின என்று கேட்டால் எங்கள் ஊரில் இன்றைக்கும் பேச்சு மாறிவிடும். ஆகையால் ஆள் இல்லாத இடத்தின் அமைதியைப் பற்றிக் கதைக்க எங்களுக்கு இரண்டு பக்கத்து அனுபவமும் இருக்கிறது. அந்த அமைதியை அழகு என்று நம்புவதற்கு எங்களுக்கு இருக்கிற உரிமை மற்றவர்களைவிடக் குறைவு.

‘போகாவிட்டால் பாவம் அந்தச் சனம், பிழைப்பு என்னாவது?’ என்றும் கேட்கிறார்கள். இதற்கு எங்களிடம் சுலபமான மறுமொழி இல்லை. பூட்டானின் இளம் பிள்ளைகள் இப்போது ஆயிரக்கணக்கில் அவுஸ்திரேலியாவுக்குப் போகிறார்கள். படித்த அரச உத்தியோகத்தர்கள் பேர்த் நகரத்தில் வயோதிபர் இல்லங்களிலும் உணவகங்களிலும் வேலை செய்கிறார்கள். முப்பத்து மூன்று குறிகாட்டிகளும் அவர்களைப் பிடித்துவைக்கவில்லை. ஆடம்பர விடுதிகள் கட்டியும் அவர்களுக்கு ஊரில் போதிய சம்பளம் வரவில்லை. மகிழ்ச்சி நாட்டுக்காரன் ஒருவனும், அந்த நாட்டால் துரத்தப்பட்டவன் ஒருவனும் பேர்த்தில் ஒரே மெசினடியில் நின்று கோப்பை கழுவக்கூடும். அவர்கள் இருவரும் என்ன கதைப்பார்கள் என்று அறிய எங்களுக்கு ஆசை.

இப்போது தெற்கும் விற்பனைக்கு வருகிறது. கெலெபு என்ற எல்லை ஊரில், சார்பாங் மாவட்டத்தில், ஒரு ‘மனநிறைவு நகரம்’ கட்டப்போவதாக 2023 டிசெம்பரில் இன்றைய அரசர் அறிவித்தார். சிங்கப்பூரைவிடப் பெரிய பரப்பு. சர்வதேச விமான நிலையம், ஆறுகளின் மேல் பாலங்கள், தியானம், பசுமை. சார்பாங் தோடை விளைகிற மாவட்டம். லோட்ஷாம்பாக்கள் பெருந்தொகையாகத் துரத்தப்பட்ட மாவட்டங்களில் ஒன்று. எங்கள் தோழன் பிறந்ததும் அங்கேதான். தாளின் பின்பக்கத்தில் அந்த நகரத்தின் வரைபடத்தையும் போட்டிருந்தார்கள், ‘விரைவில்’ என்று. அவன் அதை ஈரக்கையோடு வாங்கிக் கனநேரம் பார்த்தான். தங்கள் வளவு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க ஏலவில்லை. நாலு வயதில் வந்தவனுக்கு ஆறும் ஒரு மாமரமுந்தான் ஞாபகம். வரைபடத்தில் ஆறு இருந்தது.

அவனிடமும் இப்போது கனடாப் பாஸ்போட் இருக்கிறது. அண்ணையிடம் இருக்கிற அதே பாஸ்போட், அதே நீலம். பிறந்த இடம் என்ற வரியில் மட்டும் வித்தியாசம். ஏன் நீ விசாவுக்குப் போட்டுப் பார்க்கக்கூடாது என்று கேட்டோம். சித்தப்பா குடும்பம் இன்னும் உள்ளே இருக்கிறது என்றான். முகாமில் சொந்தக்காரர் உள்ளவர்களுக்குப் பொலிஸ் அத்தாட்சி கொடுக்காமல், அது இல்லாதபடியால் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடியாமல் இழுத்தடித்த காலம் அவனுக்குத் தெரியும். தன்னுடைய பெயர் ஒரு விண்ணப்பத்தில் எழும்பி அவர்களுக்கு ஏதும் வந்துவிடக்கூடாது என்று பேசாமல் இருக்கிறான்.

அண்ணை ஒக்டோபருக்கு இடம் பிடித்துவிட்டார், பெண்சாதியோடு. போகிறதென்றால் வழிகாட்டியிடம் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள், தெற்குக்கு ஏன் போவதில்லை என்று கேளுங்கள் என்றோம். மெசினடியில் நின்றவன்தான் தடுத்தான். “வேண்டாம் தாய். அந்தப் பெடியனுக்கு வீட்டில் ஆட்கள் இருக்கும். அவனுக்குத்தான் கரைச்சல் வரும்.” அவன் சொல்வது சரி. கேட்கிறதென்றால் இங்கே, ரொறன்ரோவில், காசு கட்டுமுன், விற்கிறவரிடம் கேட்கவேண்டும். அண்ணை கேட்டாரோ தெரியாது.

நாங்களும் கேட்கவில்லை. அன்றிரவு பயண நிறுவனத்துப் பெண் கடைசியில் யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டபோது, தேநீர்த் தட்டுகளோடு நாங்கள் இரண்டு பேர் அவருக்குப் பக்கத்திலேயே நின்றோம். ஒரு வயதான அம்மா மலைநோய்க்கு என்ன மருந்து எடுக்கலாம் என்று கேட்டார். ஒருவர் தன்னுடைய படம் எடுக்கும் கருவிக்கு மின்சாரம் கிடைக்குமா என்று கேட்டார். பிறகு கைதட்டினார்கள். நாங்கள் தட்டுகளை இறக்கிக்கொண்டு கீழே வந்தோம்.